ஒரு டெப்புக்கு எத்தனை வயது?

சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை. ஹட்டன் கடைத்தெருவில் ஒரு போன் கடைக்குச் சார்ஜர் வயர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா. பக்கத்தில் பத்தாம் வகுப்பு வயதில் மகள். கண்ணாடி மேசைமேல் இரண்டு டெப் இருந்தன. ஒன்று உறை பிரிக்காத புதுசு. கம்பனிப் பெயரை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இந்த வருஷ மாடல் என்றார் கடைத் தம்பி. மற்றது பெயரெடுத்த கம்பனியுடையது, ஐந்தாறு வருஷத்துக்கு முந்திய மாடல், யாரோ பாவித்துக் கொடுத்தது. விலை புதுசில் பாதி. பிள்ளை பழசைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தது. அம்மா புதுசின் பெட்டியை விடவில்லை.

"சேர், நீங்க சொல்லுங்க. பழச எடுக்கவா, புதுச எடுக்கவா?"

"பார்த்து எடுங்க அக்கா" என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் பாரம் உறைத்தது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது. அந்தத் தொகையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்தால் கைக்கு வருவது 1,242. டெப்பின் விலை 50,000 என்று வைத்துக்கொண்டால் 40 பேர். தோட்டக் கணக்கில் ஒரு முழுநாள் வேலைதான் ஒரு 'பேர்'. கடைச்சாமான், கடன், சந்தா எதையும் தொடாமல், 40 நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் கொய்த கொழுந்து ஒரு கண்ணாடிப் பலகையாக மாறுகிறது. கொழும்பில் ஒருவர் பிழையான டெப்பை வாங்கிவிட்டால் எரிச்சலோடு போய்விடும். இங்கே போவது ஒன்றரை மாத உழைப்பு.

டெப் ஆடம்பரம் என்று சொல்லக்கூடிய காலமும் போய்விட்டது. 2020 மார்ச் 13ஆம் திகதி நாட்டின் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் இடம்மாறியது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலைவிட்டு வந்த பிறகு என்று இருந்த வீடுகள் எத்தனையோ. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறிய கதை வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுக்குள் 360ஐத் தாண்டியது. இறக்குமதிப் பொருள் எல்லாவற்றின் விலையும் அதோடு ஏறியது. 2024 ஜனவரியில் கைப்பேசிகளுக்கு இருந்த வற் வரி விலக்கும் நீங்கி 18 சதவீதம் சேர்ந்தது. பாவித்த சாமான்களைத் தேடி ஆட்கள் போனதில் வியப்பில்லை.

பழசு என்றால் கூடாது என்று மலையகத்தில் யாரும் நினைப்பதில்லை. நினைக்கவும் முடியாது. சாமுவேல் டேவிட்சன் 1877இல் செய்த சிரோக்கோ உலர்த்தியின் பரம்பரையில் வந்த இயந்திரங்கள்தான் நம் தேயிலைத் தொழிற்சாலைகளை வளர்த்தன. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்குள்ள பழைய ரோலர்களைப் பார்த்தால் பெல்ட்டை மாட்டினால் நாளைக்கே ஓடும் போலிருக்கும். அந்த இரும்பு அத்தனை காலம் தாங்குகிறது; ஆறு வருஷத்து டெப் ஏன் திணறுகிறது?

இரும்புக்கும் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லிவிடலாம். அது பாதிக் காரணம்கூட இல்லை. ரோலருக்குள் போகும் கொழுந்து நூறு வருஷத்துக்கு முன்பும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான், இன்றும் அதுதான். டெப்புக்குள் போகும் 'கொழுந்து' வருஷாவருஷம் மாறுகிறது. செயலிகள் பருக்கின்றன, இணையப் பக்கங்கள் கனக்கின்றன, பாதுகாப்பு முறைகள் மாறுகின்றன. டெப் அப்படியே இருந்தாலும் சுற்றியுள்ள உலகம் அதை விட்டுவிட்டுப் போகிறது. போதாததற்கு அதன் உறுப்பு ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் வயதாகிறது. ஒரே உடம்பில் நாலைந்து வயது. கடைக்காரர் சொல்லும் 'மாடல் வருஷம்' அவற்றில் ஒன்றுதான், அதுவும் அவ்வளவு நம்பத்தக்கதல்ல.

ஏன் என்றால், புதுசின் உள்ளே பழசு இருக்கலாம். பிரிட்டனின் ஆர்ம் கம்பனி கோர்டெக்ஸ் ஏ53 என்ற செயலி வடிவமைப்பை 2012 அக்டோபரில் அறிவித்தது. 2021இல் சாம்சங் வெளியிட்ட டெப் ஏ7 லைட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது அந்த ஏ53தான், எட்டுத் தடவை, அதாவது எட்டுக் கோர். மாடல் 2021, இதயம் 2012. அதே அளவுத் திரையோடு 2023இல் வந்த டெப் ஏ9இல் இரண்டு கோர் 2018இல் அறிவித்த ஏ76 வகை. மீதி ஆறும் 2017இல் வந்த ஏ55. இரண்டு மாடலுக்கும் இடையே காலண்டரில் இரண்டு வருஷம்தான். வேகத்தில் அவற்றுக்கு நடுவே ஒரு தலைமுறையே கிடக்கிறது.

அந்த வித்தியாசத்தை மலையில் நிற்பவர்களுக்கு விளக்குவது சுலபம். கங்காணி ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுக்கிறார். ஒரு செடியில் கொடி சுற்றிக் கிடக்கிறது. அதை அறுக்கக் கத்தி கீழே லயத்திலிருந்து வரவேண்டும். ஏ53 என்ற ஆள் கத்தி வரும்வரை அந்தச் செடிமுன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், வரிசை தாண்டமாட்டார். ஏ76 என்பவர் அந்தச் செடியை விட்டுவிட்டு அடுத்த பத்துச் செடிகளைக் கொய்துகொண்டிருப்பார். கத்தி வந்ததும் திரும்பி வந்து முடிப்பார். நிறுக்கும்போது கணக்கை வரிசைப்படியே ஒப்படைப்பார். செயலியில் 'கத்தி' என்பது நினைவகத்திலிருந்து வரவேண்டிய தரவு. அது வரும் நேரத்துக்குள் செயலி நூறு வேலை முடித்துவிடலாம். காத்திருந்தால் அந்த நூறும் வீண். "எட்டுக் கோர் அக்கா, எட்டு!" என்று கடையில் சொல்வார்கள். ஒரு பக்கத்தைத் திறக்கும் வேலையின் பெரும்பகுதி ஒரே நிரை. எட்டு ஆளை வைத்து ஒரு நிரையில் கொய்ய முடியாது.

பெயரும் ஏமாற்றும். சாம்சங் டெப் எஸ்6 லைட் 2020இல் வந்தது. அதே பெயரில் 2022இல் ஒன்று, 2024இல் இன்னொன்று. மூன்றுக்கும் மேல்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று, உள்ளே இருக்கும் செயலி மூன்று. பெட்டியின் முகப்பைப் பார்த்தால் போதாது. பின்புறத்துச் சின்ன எழுத்தில் இருக்கும் மாடல் இலக்கத்தைத்தான் பார்க்கவேண்டும்.

இனிப் பெட்டரி. இதில் மலைக்கு ஒரு சலுகை உண்டு.

லித்தியம் அயன் பெட்டரியை 1991இல் சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வித்திட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயன்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனையின் கரியடுக்குகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பாவிக்கும்போது திரும்பி வரும். போகவர இருந்தால் சுகம். ஆனால் கரி முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்துகொண்டே போகிறது. தினமும் சாயம் குடிக்கும் கோப்பையின் உட்பக்கம் கறை ஏறுவதைப் போல. கோப்பைக் கறையைத் தேய்த்துக் கழுவலாம், இதைக் கழுவ முடியாது. படலத்துக்குள் சிக்கிய லித்தியம் பிறகு வேலைக்கு வராது. பெட்டரி 'இறங்குகிறது' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கறைதான். பாவித்தாலும் படியும், பாவிக்காமல் வைத்தாலும் படியும். ஆகவே மூன்று வருஷம் கடை அலுமாரியில் உறை பிரிக்காமல் கிடந்த டெப்பின் பெட்டரிக்கும் மூன்று வயதாகியிருக்கும். முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்காகக் கிடந்திருந்தால் இன்னும் மோசம்.

வேதிவினை எதுவும் சூட்டில் வேகமாகும், குளிரில் மெதுவாகும். பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலாளர்களின் பழைய கைக்கணக்கு. இதைத் தொழிற்சாலை டீமேக்கருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நொதிக்கப் போட்ட இலை வெயில்நாளில் ஒரு வேகத்திலும் குளிர்நாளில் வேறு வேகத்திலும் நிறம் மாறுவதைப் பார்த்துத்தானே அவர் நேரம் குறிக்கிறார். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். கொழும்பில் 27, 28. நுவரெலியாவில் மூன்று வருஷம் இருந்த டெப்பின் பெட்டரி, கொழும்பில் மூன்று வருஷம் இருந்ததைவிடக் குறைவாகவே முதுமை கண்டிருக்கும். பாவித்ததை வாங்குகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்விகளில் 'இது எந்த ஊரில் இருந்தது?' என்பதும் ஒன்று. யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சலுகையைக் கெடுப்பதும் நாம்தான். குளிருக்குக் கம்பளிக்குள் முடங்கி, சார்ஜரில் மாட்டியபடி படம் பார்க்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் பெட்டரிக்கு அதைவிடக் கேடு இல்லை. கம்பளிக்குள் டெப் கொழும்பு வெயிலில் இருக்கிறது.

ஈரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மலைக் குளிர் பெட்டரிக்கு நண்பன். மலை ஈரம் மற்ற எல்லாவற்றுக்கும் பகை. இஸ்தோப்பில் குளிர்ந்து கிடந்த டெப்பை அடுப்பங்கரைக்கு எடுத்துப் போனால், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவதுபோல அதன் உள்ளும் படியும். சார்ஜ் வாயில் ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு மெல்லக் கரைந்து பக்கத்துக் கம்பிக்கு நகரும். பச்சை பூத்த சார்ஜ் வாய் அதன் அடையாளம். பாவித்த டெப் வாங்குகிறீர்களா, முதலில் போன் டோர்ச் அடித்து அந்த ஓட்டைக்குள் பாருங்கள். திரையின் கீறலைவிட அது முக்கியம்.

அடுத்தது, வெளியே தெரியாத முதுமை. டெப்பின் சேமிப்பகம். 32 ஜீபீ, 64 ஜீபீ என்கிறார்களே, அது. ஒவ்வொரு தகவலும் நுண்ணிய அறைகளில் இலத்திரன்களாகச் சிறைப்படுகிறது. எழுதும்போதும் அழிக்கும்போதும் இலத்திரன்கள் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை ஊடுருவிப் போகின்றன. போகப் போகப் படலம் நைகிறது. ஓர் அறை தாங்குவது சுமார் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் தடவை. இதைவிடத் தொல்லையானது வேறொன்று. எழுதுவதைச் சின்னச் சின்னத் துண்டாக எழுதலாம், அழிப்பதை மொத்தமாகத்தான் அழிக்க முடியும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவைக் கழுவுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையைக் கழுவ அங்குள்ள சாமானை எல்லாம் அடுத்த மூலைக்குத் தள்ளவேண்டும். வீட்டில் இடம் இருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆறு பேரும் கட்டிலும் அலுமாரியும் விறகும் நிறைந்த வீட்டில்? ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் வைத்து, அதை எடுத்து வாசலில் வைத்து, பொழுது போய்விடும். நிறைந்த டெப் மெதுவாவதன் சூட்சுமம் இதுதான். சேமிப்பகத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்தால் அதற்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இந்தக் குறைக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 2012 ஜூனில் கூகுளும் அசூசும் சேர்ந்து நெக்சஸ் 7 என்ற டெப்பை 199 டொலருக்குக் கொண்டுவந்தன. மலிவு விலை டெப் என்ற இனமே அதோடு தலைநிமிர்ந்தது. ஒரு வருஷத்துக்குள் முறைப்பாடுகள் வந்தன: வாங்கியபோது பறந்தது, இப்போது தவழ்கிறது. நாம் ஒரு படத்தை அழித்தால் அண்ட்ரொய்ட் தன் பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுத்துவிட்டு, 'அது இனி வேண்டாம்' என்று சேமிப்பகச் சில்லுக்குச் சொல்லாமல் விட்டதும் அதற்கு ஒரு காரணம். மூத்தவன் கொழும்புக்குப் போய்க் குடியேறிவிட்டான். அவனுடைய பெட்டியை மட்டும் இன்னமும் மூலைக்கு மூலை நகர்த்திக் கழுவிக்கொண்டிருப்பது மாதிரி. 2013இல் வந்த அண்ட்ரொய்ட் 4.3 அந்தச் செய்தியைச் சொல்லப் பழகியது, டெப் கொஞ்சம் தெளிந்தது. 2014 கடைசியில் வந்த அண்ட்ரொய்ட் 5 அதைத் திரும்பவும் படுக்கவைத்தது. புது மென்பொருள் கிடைப்பது நல்லதுதான். பழைய உடம்பு அதைத் தாங்கவும் வேண்டும்.

மென்பொருள் என்றதும் எல்லாரும் புது அலங்காரத்தைத்தான் நினைக்கிறார்கள். அலங்காரம் வராவிட்டால் போகட்டும். வராவிட்டால் போகட்டும் என்று விடமுடியாத ஒன்று இருக்கிறது, அதை விளக்க நம் கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டும்.

வதிவிடச் சான்றிதழுக்கு ஜீ.எஸ். கையெழுத்துப் போடுகிறார். அதை உறுதிப்படுத்திப் பிரதேச செயலாளர் கையெழுத்திடுகிறார். வங்கிக்காரருக்கு உங்களைத் தெரியாது, ஜீ.எஸ்ஸையும் தெரியாது. பிரதேச செயலாளரின் முத்திரையைத் தெரியும், அதனால் நம்புகிறார். இணையத்திலும் இதே நடைமுறைதான். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும், அதற்குமேல் ஒரு பெரிய கையெழுத்து இருக்கும். உலகத்தின் 'பிரதேச செயலாளர்கள்' யார் யார் என்ற பட்டியல் டெப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது டெப்பைச் செய்த நாளில். பழைய டெப்புகளில் மென்பொருள் இற்றைப்படுத்தல் நின்றுவிட்டால் அந்தப் பட்டியலும் அதோடு நின்றுவிடும்.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு 2015இலிருந்து இலவசமாகச் சான்றிதழ் கொடுத்து வருகிறது. கோடிக்கணக்கான தளங்கள் அதை நம்பி இருக்கின்றன. தொடக்கத்தில் அதன் சொந்த முத்திரைக்கு மதிப்பில்லை. வேறொரு பழைய அமைப்பு பக்கத்தில் கையெழுத்திட்டு உறுதி கூறியது. அந்தப் பழைய முத்திரை 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி காலாவதியானது. அண்ட்ரொய்ட் 7.1.1க்கு முந்திய சாதனங்களின் பட்டியலில் லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த முத்திரை இல்லை. ஒரே இரவில் அவை அந்தத் தளங்களை எல்லாம் சந்தேகிக்கத் தொடங்கியிருக்கும். ஒரு சுவாரஸ்யமான ஓட்டை காப்பாற்றியது: பட்டியலில் உள்ள முத்திரையின் காலாவதித் திகதி கடந்துவிட்டதா என்று அண்ட்ரொய்ட் பார்ப்பதில்லை. ஓய்வுபெற்ற அதிகாரியின் கையெழுத்தை அது ஏற்றுக்கொள்ளும்! அதைப் பயன்படுத்தி மூன்று வருஷ அவகாசம் வாங்கினார்கள். அதுவும் 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது.

அதற்குப் பிறகு அத்தகைய பழைய டெப்பில் நடப்பது இதுதான். பெட்டரி நன்றாக இருக்கிறது, திரை பளிச்சென்று இருக்கிறது, சிக்னல் நிறைய இருக்கிறது. பிள்ளை ஒரு தளத்தைத் திறந்தால், இணைப்புப் பாதுகாப்பானதல்ல என்று சிவப்பு எச்சரிக்கை. டெப் பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பழுது ஒன்றுமில்லை, அதற்கு இன்றைய அதிகாரிகளைத் தெரியாது, அவ்வளவுதான். ஃபயர்ஃபொக்ஸ் தன் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. அந்தப் பழைய அண்ட்ரொய்டில் ஓடும் பதிப்பு கிடைத்து நிறுவினால் பல தளங்கள் திறக்கும். அது கைவைத்தியம்.

இற்றைப்படுத்தலைக் கம்பனிகள் ஏன் நிறுத்துகின்றன? புதுசு விற்கத்தான் என்று சொல்வது முழுப் பொய்யல்ல. அதற்குக் கீழே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. செயலிச் சில்லைச் செய்த கம்பனி, தன் சில்லோடு பேசுவதற்கான நிரல்களைப் புது அண்ட்ரொய்டுக்கு ஏற்றபடி எழுதிக் கொடுக்கவேண்டும். அது கைவிட்டால் டெப் கம்பனியால் மேலே போக முடியாது. சில்லையும் மென்பொருளையும் தானே செய்யும் அப்பிளுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2014இல் வந்த ஐபேட் எயார் 2 ஏழு வருஷம் கழித்து 2021இன் இயங்குதளத்தையும் ஏற்றது. நெக்சஸ் 7க்கு மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. பழைய மாடல் என்று பொதுவாகப் பேசுவதில் பயன் இல்லை என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே போதும்.

சிக்னலுக்கு வருவோம். "மிஸ்ட் இறங்கினா சிக்னல் போயிடும்" என்பது தோட்டத்தில் எல்லாரும் சொல்வது. பனிமூட்டத்தைக் குற்றம் சொல்வது பாவம். இலங்கையில் 4ஜி அலைகள் பெரும்பாலும் வரும் 1800 மெகாஹெர்ட்சில் ஓர் அலையின் நீளம் சுமார் 17 சென்ரிமீற்றர். பனித்துளி அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அலை அதைக் கவனிக்காமலே கடந்துவிடும். தடுப்பது மலை. மலை முகட்டைத் தாண்டி அலை சற்று வளைந்து இறங்கும். அலைநீளம் கூடக்கூட வளைவும் கூடும். அதனால்தான் 900 மெகாஹெர்ட்ஸ் அலை பள்ளத்து லயங்களுக்கு இன்னும் கொஞ்சம் நன்றாக எட்டும். மழையில் சிக்னல் போவது உண்மை. ஆனால் நனைந்த மரங்கள் உறிஞ்சுவதாலோ, கரண்ட் போய் டவர் நிற்பதாலோ இருக்கும்.

டெப் வாங்குவதில் இதற்கு என்ன வேலை என்றால், எந்தெந்த அலைவரிசையைக் கேட்கும் காது அதற்கு இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். மத்திய கிழக்கில் வேலைசெய்யும் அம்மாவோ சித்தியோ அனுப்பிவைக்கும் டெப் சிலவேளை சிம் போடவே இடமில்லாதது. சிலவேளை வேறு நாட்டின் ஒரு கம்பனிக்கென்றே பூட்டியது. சிம் இல்லாவிட்டால் பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. போனை இஸ்தோப்பில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைத்து ஹொட்ஸ்பொட் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். டவரோடு போராடும் சுமை போனோடு போய்விடும். சிக்னல் மெலிந்தால் சாதனம் உரக்கக் கத்தவேண்டும், 4ஜியில் 200 மில்லிவாட் வரை. பெட்டரி கரைவதற்கு அதுவும் ஒரு காரணம். சிம் போடும் டெப் என்றால் மட்டும், அதன் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுக்கவேண்டும்.

கடையில் அந்தப் பிள்ளை ஏன் பழசையே எடுத்துப் பார்த்தது என்று பிறகு யோசித்தேன். திரைதான் காரணமாக இருக்கவேண்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை பீ.டீ.எஃப். ஆக இலவசமாகத் தருகிறது. ஏ4 அளவுப் பக்கம் 21 சென்ரிமீற்றர் அகலம். 8.7 அங்குல டெப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 11. பக்கம் பாதியாகச் சுருங்கிவிடும். அந்த அளவில் மலிவு டெப்புகளில் அங்குலத்துக்கு 180 புள்ளிதான் இருக்கும். ஆங்கில எழுத்து அதில் பிழைத்துக்கொள்ளும். தமிழுக்குத் தலைமேல் புள்ளி இருக்கிறதே! 'க'வா 'க்'கா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டும். 2018இன் ஐபேட்டில்கூட 9.7 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 264 புள்ளி உண்டு. திரை மட்டும் காலத்தால் அதிகம் கெடுவதில்லை. நல்ல பழசின் திரை மலிவான புதுசின் திரையை இன்றும் வெல்லும்.

சரி, 40 பேருக்குத் திரும்புவோம். ஒரு டெப்பின் விலையை அதற்கு இன்னும் எத்தனை வருஷம் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இருக்கிறது என்பதால் வகுத்துப் பாருங்கள். 25,000 ரூபாய்ப் பழசுக்கு ஒன்றரை வருஷம் மிச்சம் என்றால், 20 பேரை ஒன்றரையால் வகுக்க வருஷத்துக்கு 13 பேர் ஆகிறது. 50,000 ரூபாய்ப் புதுசுக்கு ஐந்து வருஷம் உறுதி என்றால் வருஷத்துக்கு 8. இரண்டு வருஷம் பழகிய நல்ல கம்பனி மாடல் 35,000க்குக் கிடைத்து நாலு வருஷம் மிச்சம் இருந்தால் 7. நான் எடுப்பதென்றால் இந்த மூன்றாவதைத்தான் தேடுவேன். கேள்விப்படாத கம்பனியின் புதுசுக்கு எத்தனை வருஷம் என்று எங்கேயும் எழுதியிராது. எழுதியிராவிட்டால் பூச்சியம் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். பூச்சியத்தால் வகுத்தால் என்ன வரும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20ஆம் திகதி முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. அங்கே விற்கும் டெப்புகளுக்கு ஐந்து வருஷமாவது இயங்குதள இற்றைப்படுத்தல் கொடுக்கவேண்டும். பெட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் கொள்ளவேண்டும். உதிரிப்பாகம் ஏழு வருஷத்துக்குக் கிடைக்கவேண்டும். அந்த ஐந்து வருஷம் மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. அந்த மாடலின் கடைசி டெப் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கழிவுக்காகப் பழைய மாடலை வாங்குகிற ஏழை ஏமாறக்கூடாது என்று யாரோ யோசித்து எழுதிய வரி அது. ஹட்டன் கடைக்கு அந்தச் சட்டம் வராது. ஒரே மாடல் இரண்டு இடத்திலும் விற்றால் அதன் மென்பொருள் நமக்கும் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கையில் 20 பேர்தான் இருக்கிறது, சாதாரண தரப் பரீட்சைக்குப் பத்து மாதம்தான் இருக்கிறது என்றால்? அப்போது என் வகுத்தல் கணக்கைத் தூக்கி அடுப்பில் போடுங்கள். திரை நல்லதாக உள்ள பழசை எடுத்து, பாடநூல்களையும் பழைய வினாத்தாள்களையும் ஒரே தடவையில் இறக்கிவிட்டு, இணையத்தை அணைத்துவிடலாம். வங்கி வேலையும் கடவுச்சொற்களும் அதற்குள் போகக்கூடாது. வெளியுலகத்தோடு பேச்சை நிறுத்திய டெப்புக்குச் சான்றிதழ் பட்டியல் தேவையில்லை, புது அண்ட்ரொய்ட் தேவையில்லை. உள்ளே போட்ட கொழுந்து மாறாது. ஹந்தானை ரோலரைப் போல அது பெட்டரி உள்ளவரை ஓடும்.

மற்றபடி கடையில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். செட்டிங்ஸில் 'டெப்பைப் பற்றி' என்ற பக்கத்தில் கடைசிப் பாதுகாப்பு இற்றைப்படுத்தலின் மாதமும் வருஷமும் இருக்கும். அதைப் பாருங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைத் தம்பி முகம் சுளிப்பார். சார்ஜ் எத்தனை சதவீதம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, இணையத்தை அணைத்து, ஒரு வீடியோவை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஆறேழு சதவீதம் இறங்கினால் பெட்டரி ஏழெட்டு மணி நேரம் தாங்கும். இருபது இறங்கினால் மாலைக்கு முன் செத்துவிடும். அந்த அரை மணிக்குள் பக்கத்துக் கடையில் ரொட்டியும் சாயமும் முடித்துவிட்டு வரலாம்.